தவணை கட்டத் தெரிந்தவருக்குச் சொத்து புரியாதா?

கேள்வி: எனக்கு 42 வயது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5 வயது. என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார், அப்பா காலமாகிவிட்டார். நான் சம்பாதித்து வாங்கிய அடுக்குமாடி வீடு ஒன்று என் பெயரில் இருக்கிறது. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. உடன் வேலை பார்த்த ஒருவர் அண்மையில் திடீரென்று இறந்ததிலிருந்து மனத்தில் ஒரே கவலை. வீட்டை இப்போதே பிள்ளைகள் இருவர் பெயருக்கும் செட்டில்மென்ட் எழுதிவிட்டு, அவர்கள் மேஜராகும்வரை என் தம்பியைக் காப்பாளராக உயிலில் நியமிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆயுள் காப்பீட்டிலும் வருங்கால வைப்பு நிதியிலும் என் திருமணத்துக்கு முன்பிருந்தே அவன்தான் நாமினி. கடன் தவணை, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருத்துவச் செலவு எல்லாவற்றையும் மாதாமாதம் கட்டுவது என் மனைவிதான் என்றாலும், சொத்து விவகாரம் அவளுக்குப் புரியாது என்பதால் இன்னும் சொல்லவில்லை. நாங்கள் இந்துக்கள். செட்டில்மென்டா, உயிலா, எது நல்லது?

பதில்: உயில். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமலே போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வாக்கியம் இருக்கிறது. எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மாதச் சம்பளத்தை ஐந்து பேருக்குப் பங்கிட்டு, வங்கித் தவணை ஒன்றுகூடத் தவறாமல், மாமியாரின் மருந்துச் சீட்டு முதல் பிள்ளைகளின் பள்ளி ரசீதுவரை கையில் வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிற ஒரு பெண்ணுக்குச் சொத்து விவகாரம் புரியாது என்கிறீர்கள். புரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? வீட்டுப் பத்திரத்தின் நகலை ஒரு நாளாவது அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறீர்களா? இதே வாக்கியத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுதும் கணவன்மார்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவர்கள் இறந்த பிறகு, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மனைவிமார்கள் எழுதும் கடிதங்களும் வருகின்றன. உங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒரு கடிதம் வருவதை நான் விரும்பவில்லை.

பிள்ளைகள் மீதுள்ள பாசம் என்று நீங்கள் நினைக்கிற இந்தத் திட்டம், உண்மையில் அவர்களின் தாயைத் தாண்டிச் செல்வதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி. அந்த வழியைச் சட்டமே பாதியில் அடைத்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, தந்தைக்குப் பிறகு பிள்ளைகளின் இயற்கைக் காப்பாளர் தாய். தந்தை தம் உயிலில் வேறொருவரைக் காப்பாளராக நியமித்திருந்தாலும், தாய் உயிரோடு இருக்கும்போது தந்தை இறந்துவிட்டால் அந்த நியமனம் செல்லாது. தாயும் பிறகு தம் உயிலில் யாரையும் நியமிக்காமல் இறந்தால் மட்டுமே அது உயிர்பெறும். ஆகவே உங்கள் தம்பியை நியமித்து நீங்கள் எழுதும் பக்கம், உங்கள் மனைவி இருக்கும்வரை வெறும் காகிதம்.

செட்டில்மென்ட் இதைவிட மோசம். வீடு மைனர் பெயருக்குப் போய்விட்டால், காப்பாளர் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அவசியத்துக்காகவோ மைனருக்கு வெளிப்படையான நன்மை இருந்தாலோதான் நீதிமன்றம் அனுமதிக்கும். மகளின் மேற்படிப்புக்கோ மகனின் சிகிச்சைக்கோ அவசரமாகப் பணம் தேவைப்பட்டால், உங்கள் மனைவி வழக்கறிஞரைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும். அவர் மட்டுமா? பிள்ளைகளின் காப்பாளர் என்ற முறையில், உயிரோடு இருக்கும் நீங்களே நாளை வேலை போய் வீட்டை விற்க நினைத்தாலும் அதே நீதிமன்றப் படியைத்தான் ஏற வேண்டும். எழுதிக் கொடுத்த செட்டில்மென்டை மனம் மாறியது என்பதற்காக நீங்களாகவே ரத்து செய்யவும் முடியாது. உயிலையோ உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடன் நிலுவையில் உள்ள வீட்டை வங்கிக்குத் தெரியாமல் கைமாற்ற நினைப்பது தனித் தலைவலி. அதற்குள் நான் போகவில்லை.

எதுவும் எழுதாமலே நீங்கள் இறந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், மகன், தாய் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பிள்ளைகளின் அரைப் பங்கை விற்க மேற்சொன்ன நீதிமன்ற அனுமதி தேவைப்படும். உங்கள் தாயின் கால் பங்கோ, அவரும் உயில் எழுதாமல் காலமானால், உங்கள் தம்பிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே உங்கள் மனைவியும் தம்பியும் ஒரே வீட்டின் பங்காளிகளாக எதிரெதிரே நிற்பார்கள்.

நாமினி விஷயத்தில் உங்கள் அலட்சியத்துக்கு மன்னிப்பே கிடையாது. திருமணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவளுக்கு 9 வயதும் ஆன பிறகும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லையா? வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின்படி, குடும்பம் இல்லாதபோது கொடுத்த நியமனம், குடும்பம் ஏற்பட்ட உடனேயே செல்லாததாகிவிடும். உங்களுக்குக் கல்யாணமான அன்றே அந்தப் படிவத்தில் உங்கள் தம்பியின் பெயர் காலாவதியாகிவிட்டது. அந்த இடம் இன்றுவரை காலியாகக் கிடக்கிறது. காப்பீட்டில் கதை வேறு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நாமினியாக இருக்கும் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் அந்தத் தொகைக்கு உரிமையாளராகவே ஆகலாம். உடன்பிறந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் தம்பி பணத்தை வாங்கி, வாரிசுகளிடம் கொடுக்கக் கடமைப்பட்டவர் மட்டுமே. தம்பி உத்தமராகவே இருக்கட்டும். கணவனை இழந்த நாட்களில் கணவனின் பணத்துக்காகக் கொழுந்தனாரிடம் போய் நிற்கும் நிலைக்கு உங்கள் மனைவியை ஏன் தள்ள வேண்டும்?

நீங்கள் எழுதாத ஒன்றையும் நானே கேட்டுவிடுகிறேன். நாளை அவர் மறுமணம் செய்துகொண்டால் சொத்து வெளியே போய்விடுமோ என்பதுதான் உள்ளூர உறுத்துகிறதா? அப்படியானால் வீட்டில் அவருக்கு ஆயுள்கால உரிமை மட்டும் கொடுத்து, பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுத உயிலில் வழி உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முடிவெடுக்கும் உரிமை இல்லாத வீட்டில் ஒரு தாயை உட்காரவைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கும் பொறுப்பை மட்டும் அவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? உங்கள் பிள்ளைகளைப் பெற்றவரை அவர்களின் பணத்துக்கு ஆபத்தானவராகப் பார்ப்பதை முதலில் விடுங்கள்.

வீட்டை மனைவிக்கு முழு உரிமையோடு உயில் எழுதுங்கள். உங்கள் தாய் தம் ஆயுள்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் அவருடைய பராமரிப்பையும் அதே உயிலில் தெளிவாக எழுதுங்கள். அது உங்கள் கடமை, மருமகளின் நல்ல மனத்தை நம்பி விட்டுவிடும் காரியமல்ல. நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துச் சான்றொப்பமிட இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். இனி புதிதாக ஆயுள் காப்பீடு எடுப்பதானால், 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென்று எடுங்கள். உங்கள் கடன்காரர்களால் அந்தத் தொகையில் கைவைக்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தக் கடிதத்தை மனைவியிடம் காட்டுங்கள். கணவன், மனைவி இருவருமே இல்லாமல் போகும் நிலையில் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதற்குத்தான் காப்பாளர் தேவை. அதை இருவரும் பேசி முடிவெடுத்து, இருவருடைய உயிலிலும் ஒரே பெயரை எழுதுங்கள். அவர் தம் அக்காவின் பெயரையோ தம்பியின் பெயரையோ சொன்னால் முகம் சுளிக்காமல் கேளுங்கள். உங்கள் தம்பியின் பெயரே முடிவானால் அவரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். இத்தனை பொறுப்பை அவர் மேல் ஏற்றப் போகிறீர்களே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகவும் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.