கிளை அலுவலகங்களுக்கு ஐபிவி6 கொண்டுபோக 6டு4 டன்னல் போதுமா?

தலைமை அலுவலகத்துக்கு இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6 வந்துவிட்டது, கிளைகளின் இணைப்பு இன்னும் பழைய ஐபிவி4 மட்டும்தான், ஐபிவி6-ஐ ஐபிவி4-க்குள் பொதிந்து அனுப்பும் டன்னல் வகைகளில் எதையும் அமைக்கத் தேவையில்லாத 6டு4-ஐப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டு முனையும் உங்கள் கையில் இருக்கும் நிலையான டன்னலைப் போடுங்கள்.

இந்த இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். ஐபிவி6 பாக்கெட்டுக்கு முன்னால் 20 பைட் ஐபிவி4 தலைப்பைச் சேர்த்து, புரோட்டோகால் எண் 41 என்று குறித்து அனுப்புகிறார்கள். மறுமுனையில் அதைக் கழற்றுகிறார்கள். கழற்றுவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2001-இல் வந்த 6டு4 முறையில், சாதாரண ஐபிவி6 முகவரிக்குப் போகும் பாக்கெட்டை 192.88.99.1 என்ற பொது முகவரிக்கு அனுப்பிவிடுவார்கள். அருகில் யார் ரிலே (தலைப்பைக் கழற்றி ஐபிவி6 இணையத்தில் விடும் ரவுட்டர்) வைத்திருக்கிறாரோ அவர் வாங்கிக்கொள்வார். பதில் வருவது வேறொருவருடைய ரிலே வழியாக. நடுவில் ஒன்று படுத்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? 2015-இல் இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான ஐஇடிஎஃப் அந்தப் பொது முகவரியையே கைவிட்டுவிட்டது.

அதே கணக்கைப் பிரான்சின் இணையச் சேவை நிறுவனமான ஃப்ரீ 2007 இறுதியில் எவ்வளவு அழகாகத் திருத்தியது என்று பாருங்கள்! 6டு4 முகவரிகள் தொடங்கும் 2002:: என்ற பொது முன்னொட்டுக்குப் பதிலாகத் தன் சொந்த முன்னொட்டு, தன் சொந்த ரிலே. ஐந்தே வாரத்தில் வாடிக்கையாளர்களுக்கு ஐபிவி6 போய்விட்டது. ரெமி தெப்ரே வகுத்த அந்த முறைதான் 6ஆர்டி. பொறுப்பேற்க ஆள் இருந்ததால் அது நின்றது.

இனி உங்கள் கிளைக்கு வருவோம். டன்னல் போட்ட பிறகு வரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: பிங் போகிறது, உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. வழக்கமான 1500 பைட்டில் 20 போனால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1480. ஐபிவி6-இல் இடைவழி ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டாக்காது. 'பாக்கெட் பெரிது' என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்லும். பழைய பழக்கத்தில் ஐசிஎம்பி (இப்படிப்பட்ட பிழைச் செய்திகளைக் கொண்டுபோகும் நெறிமுறை) முழுவதையும் அடைத்துவைத்திருக்கும் ஃபயர்வால் அந்தச் செய்தியை விழுங்கிவிடும். துண்டாக்கக் கூடாது என்று குறித்து 1432 பைட் பிங் (1480-இல் தலைப்புகளுக்கு 48 போக மீதி) அனுப்புங்கள், போக வேண்டும். 1433 அனுப்பினால் அந்தச் செய்தி வர வேண்டும். வராவிட்டால் முதலில் ஃபயர்வாலைத் திறந்துவிடுங்கள். டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போகத் தரவுக்கான உச்ச அளவு) அளவை 1420 என்று வைப்பது அதற்கு அடுத்தது. இணைப்பு பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) என்றால் எல்லாவற்றிலும் இன்னும் 8 குறையும்.

புரோட்டோகால் 41-ஐ மறுமுனையின் ஐபிவி4 முகவரியிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். டன்னல் இடைமுகத்துக்குத் தனியாக ஐபிவி6 விதிகள் எழுதுங்கள். வெளியே உள்ள ஐபிவி4 விதிகள் உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை. இதில் மறையாக்கம் இல்லை என்பதால் பொது இணையத்தில் பாக்கெட்டுகளை மறையாக்கும் ஐபிசெக்கும் சேர்த்தே போடுங்கள், அப்போது எம்டியு இன்னும் குறையும். கிளைக்குப் பொது ஐபிவி4 முகவரியே இல்லாமல் சேவை நிறுவனத்தின் என்ஏடி-க்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரு பொது முகவரியைப் பகிரச் செய்யும் முகவரி மாற்றம்) பின்னால் இருந்தால் 41 பெரும்பாலும் அதைத் தாண்டாது. அங்கே யுடிபி-யில் ஓடும் மறையாக்க டன்னலான வயர்கார்டைப் போட்டு அதற்குள் ஐபிவி6-ஐ அனுப்புங்கள்.