நாக்பூரில் நாலு நாள் காத்திருக்கலாமா?

பரமத்தி வேலூர் வாசகர் ஒருவரின் கேள்வி: “சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி, நானே ஓட்டுகிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூரில் இறக்கினேன். நாமக்கல்லுக்கு 18 டன் சோயா புண்ணாக்கு, டன்னுக்கு 2,000 என்கிறார்கள். நாலு நாள் பொறுத்தால் 2,600 வருமாம். காத்திருப்பதா, காலியாகத் திரும்புவதா? மாதத் தவணை 51,000.”

டன் வாடகையை விடுங்கள், நாள் கணக்குக்கு வாருங்கள். தவணை 51,000. இன்சூரன்ஸ், நேஷனல் பெர்மிட், வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் சேர்த்து மாதம் 12,000 என்று வைப்போம். ஆக, வண்டி நின்றாலும் ஓடினாலும் நாளுக்கு 2,100. நீங்களே ஓட்டுவதால் டிரைவர் படியைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டீர்கள். சொந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. அதற்கு 900 போட்டால் நாளுக்கு 3,000.

நாலு நாள் காத்திருந்தால் கூடுதலாகக் கிடைப்பது 10,800. அந்த நாலு நாளின் செலவு 12,000. போதாததற்கு அடுத்த நடையும் தள்ளிப்போகும். 2,000க்கே ஏற்றுங்கள்.

காலியாக வருவது இன்னும் மோசம். சுமார் 1,300 கிலோமீட்டருக்குக் காலி வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் 260 லிட்டர் டீசல். லோடோடு 4 என்றால் 325. வித்தியாசம் 65 லிட்டர், ஏறக்குறைய 6,000 ரூபாய். டோல் அச்சுக் கணக்கில் வாங்குவதால் காலி வண்டிக்கும் அதே கட்டணம்தான். புக்கிங் கமிஷன், மாமூலுக்கு ஒரு 3,000 போனாலும் 36,000 வாடகையில் 27,000 கையில் நிற்கும்.

ஆனால் இறக்குமிடத்தைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். தீவன மில் வாசலில் மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, ஈரம் கூடுதல் என்று மில்காரரும் வியாபாரியும் பேரம் பேசும்போது, நடுவில் நிற்பது உங்கள் வண்டி. எனக்கு ஒருமுறை மூன்று நாள் போனது, ஹால்டிங் (வண்டி காத்துநின்றதற்கான பணம்) கேட்டதற்கு “எழுதியிருக்கிறதா?” என்றார்கள். எழுதவில்லை! இறக்கத் தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று லோடு சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

தீபாவளிக்கு அப்புறம் புது மக்காச்சோளமும் சோயாவும் வரத்துக்கு வந்தால், கோழித் தீவனத்துக்காக நாமக்கல் பக்கம் லோடு தானாகவே கூடும். அப்போது ஒரு நாள் பொறுக்கலாம். நாக்பூர்ப் பக்கத்து மழை மாதங்களில் (ஜூன் முதல் செப்டம்பர் வரை) வேண்டாம்.

இன்னொன்று. “22 டன்னாகப் போட்டுக்கொள்ளுங்கள்” என்பார்கள். 2018 முதல் பத்துச் சக்கர வண்டிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்த எடை 28.5 டன் வரை உண்டு, உங்கள் ஆர்.சி.யில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் 3 டன் போனால் அபராதம் 20,000, டன்னுக்கு 2,000 வீதம் இன்னொரு 6,000. கூடுதல் எடைக்கு வருகிற வாடகை அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

வாடகையில் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கிறார்களா? பத்து லாரிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் பிடிக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். பாக்கியில் பிடித்த பிறகு என்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் அந்தப் பணத்தை வாங்க வேண்டியிருக்கும்.