சுண்டக்கறி நுரைத்தது ஏன்?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் அடுக்குமாடி வீடு, நாங்கள் இரண்டே பேர். ஆச்சி வீட்டுச் சிக்கனம் கையோடு வந்துவிட்டது, எதையும் கொட்ட மனசு வராது. ஆனால் செய்கிற எதுவும் உருப்படவில்லை. வடிகஞ்சி போட்ட வேட்டியில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. கஞ்சி போட்டு பீரோவில் வைத்த சேலையில் பூச்சி அரித்த ஓட்டை. மிஞ்சிய குழம்பையும் கறியையும் ஒன்றாகச் சேர்த்த சுண்டக்கறியைக் காலையும் ராத்திரியும் சுட வைத்தேன், இரண்டாம் நாளே நுரைத்துவிட்டது. போன வாரம் போட்ட மோர்மிளகாயில் பூஞ்சை. அப்பளம் பொரித்த எண்ணெயைச் சேர்த்து வைப்பதற்கும், ஓட்டல் பார்சல் டப்பாக்களைக் கழுவி அடுக்குவதற்கும் வீட்டில் தினமும் சண்டை. ஆச்சி செய்ததைத்தானே நானும் செய்கிறேன்? எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

செல்வி

அன்புள்ள செல்வி,

ஆச்சி கையால் செய்ததை நீங்களும் செய்கிறீர்கள். ஆனால் பாதி வேலையை அந்த வீடு செய்துகொண்டிருந்தது. விறகடுப்பு, திறந்த முற்றம், சாப்பிடப் பத்துப் பேர். உங்கள் வீட்டில் இந்த மூன்றும் இல்லை.

சுண்டக்கறியிலிருந்து தொடங்குகிறேன். பொங்கலுக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பார், புளிக்கறி, அவியல், பொரியல் எல்லாம் ஒரே மண்சட்டியில் போகும். ராத்திரி சமையல் முடிந்த அடுப்பில் அந்தச் சட்டியை ஏற்றி வைத்தால், கங்கு அடங்கும்வரை அது சூட்டிலேயே இருக்கும். விடிந்ததும் மறுபடி கொதி. இடையில் அது வெதுவெதுப்பாகக் கிடந்த நேரம் குறைவு. கேஸ் அடுப்பை அணைத்த பத்தாவது நிமிஷம் முதல் உங்கள் சட்டி ஆறத் தொடங்குகிறது. கொதியில் கிருமிகள் சாகும், சிலவற்றின் வித்துகள் சாகாது. ராத்திரி முழுக்க நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அந்த வித்துகள் முளைத்துப் பெருகுவதுதான் காலையில் நுரையாகத் தெரிகிறது. "சுட வைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுட வைப்பது போதாது, கொதிக்க வேண்டும்.

செய்முறை இது. ஒரு லிட்டர் அளவுக்குக் கறி இருந்தால் மண்சட்டியிலோ அடிகனமான எவர்சில்வர் சட்டியிலோ ஊற்றுங்கள். புளி இருப்பதால் அலுமினியம் ஆகாது. ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது, களிம்பு ஏறும். காருகுறிச்சி மண்சட்டி கிடைத்தால் நல்லது. தண்ணீர் விடாமல், மரஅகப்பையால் அடியோடு கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். நடுவில் மட்டும் குமிழ் வந்தால் கணக்கில்லை, ஓரம் வரை தளதளக்க வேண்டும். அப்புறம் பத்து நிமிஷம் சிறு தீ. நீர் வற்ற வற்ற உப்பும் புளிப்பும் ஏறும். கறி கெடாமல் இருக்க இவையும்தான் காவல், அதனால் உப்பு மேற்கொண்டு போட வேண்டாம். ஒரு லிட்டர் அரை லிட்டருக்கும் கீழே சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் பதம்.

மூடும் விதத்திலும் பிசகியிருப்பீர்கள். ஆவி பறக்கும்போதே மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் மேலாக்கச் சொட்டும். புளிப்பும் உப்பும் நீர்த்துப்போன அந்த மேல்பரப்பில்தான் முதலில் கெடும். மெல்லிய துணியால் மூடி ஆவி அடங்க விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்க வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். சொதியையும் தயிர்ப்பச்சடியையும் இதில் சேர்க்கவே வேண்டாம், தேங்காய்ப்பாலும் தயிரும் முதலில் திரும்பும். அவியல் சேரும், ஆனால் சமைத்த அன்றே சட்டிக்குப் போக வேண்டும். மூன்றாம் நாளோடு முடித்துவிடுங்கள். நுரைத்ததையும் நூல் விட்டதையும் மறுபடி கொதிக்க வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். அதைக் கொட்டுவது சிக்கனக் கேடு இல்லை.

வடிகஞ்சிக்கு வருவோம். வேட்டியில் பொட்டு விழக் காரணம் கஞ்சி ஆறியதுதான். ஆறினால் மேலே பாலாடை மாதிரி ஆடை படியும், அந்த ஆடை கட்டி கட்டியாகத் துணியில் ஒட்டும். இஸ்திரி போடும்போது கட்டி கருகிப் பழுப்பாகும். வடித்த சூட்டிலேயே பழைய வேட்டித் துண்டில் வடிகட்டி, ஒரு டம்ளர் கெட்டிக் கஞ்சிக்கு இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். எட்டுமுழ வேட்டி ஒன்றுக்கு இது போதும். மொடமொடவென்று நிற்க வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் நிறுத்துங்கள். சோப்பு முழுக்கப் போக அலசிப் பிழிந்த ஈரத் துணியைத்தான் முக்க வேண்டும். காய்ந்த துணி ஒரு இடத்தில் கூடவும் ஒரு இடத்தில் குறையவும் இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிஷம் புரட்டி, இலேசாகப் பிழிந்து, நன்றாக உதறி, கரையை இரண்டு கையாலும் இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள். கறுப்பு, கருநீலச் சேலைக்குக் கஞ்சி இதில் பாதி, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காய வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்.

சோறு வேகும்போது உப்புப் போடுகிற வீடு என்றால் அந்தக் கஞ்சி துணிக்கு ஆகாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துணியைப் பிசுபிசுக்க வைக்கும். புழுங்கலரிசிக் கஞ்சி பச்சரிசிக் கஞ்சியைவிட நீர்க்க இருக்கும், அதற்குத் தண்ணீரைக் குறையுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணிக்குப் போடுவது வீண், கஞ்சி உள்ளே இறங்காமல் மேலேயே உரிந்து வரும். குக்கரில் சோறு வைக்கிற வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, துணிக்காகச் சோறு வடிக்கச் சொல்ல மாட்டேன்.

பீரோவில் சேலையை அரித்தது அநேகமாக ராமபாணப் பூச்சி. அதற்குக் கஞ்சி சாப்பாடு. இந்த வாரம் உடுத்துவதற்கு மட்டும் கஞ்சி போடுங்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடக்கப் போகிற பருத்திச் சேலையைக் கஞ்சி போக அலசி, ஈரம் துளியும் இல்லாமல் காய வைத்த பிறகு மடித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது முக்கியம்.

எண்ணெய்ச் சண்டையில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். பழைய எண்ணெயோடு புதுசை ஊற்றிச் சேர்த்துக்கொண்டே போனால் பழசு புதுசையும் சேர்த்துக் கெடுக்கும். பொரிக்கும் எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சூட்டில் சிதைந்து உண்டாகும் கழிவுகள், 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. கண்ணும் மூக்கும்தான். கறுத்தால், பிசுக்கென்று ஒட்டினால், வழக்கத்துக்கு முன்னாலேயே புகைந்தால், நுரை அடங்காமல் நின்றால் ஆயுள் முடிந்தது. அப்பளம் ஒருதரம் பொரித்த எண்ணெயை வடிகட்டி மூன்று நாளைக்குள் தாளிக்கத் தீர்த்துவிடலாம். மீன் பொரித்ததைத் தீர்க்க வழி தேட வேண்டாம், பழைய பேப்பரில் ஊற விட்டுக் குப்பையில் போடுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். சின்ன இருப்புச்சட்டியில் கால் லிட்டர் மட்டும் ஊற்றி, அப்பளத்தை இரண்டாக உடைத்துப் பொரித்தால் மிஞ்சுவதே கொஞ்சம்தான்.

பார்சல் டப்பாவில் பருப்பு, கடுகு, பொத்தான், ஊசிநூல் வைக்கலாம். சூடானதும் எண்ணெயுள்ளதும் வேண்டாம். பத்துக்கு மேல் அடுக்கினால் அது சிக்கனம் இல்லை, சேகரம்.

மோர்மிளகாய் போட நீங்கள் எடுத்த ஆடி மாசமே சரியில்லை. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் இறங்குகிற காற்று பாளையங்கோட்டை வரைக்கும் புழுதியைக் கொண்டுவரும், மேகமும் வெயிலை அடிக்கடி மறைக்கும். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை வத்தல் காலம். ஒரு கிலோ குண்டு மிளகாய்க்கு நன்றாகப் புளித்த மோர் ஒரு லிட்டர், கல்லுப்பு நூறு கிராம். காம்பைக் கிள்ளாமல் அடிப்பக்கம் அரை அங்குலம் மட்டும் கீறுங்கள். கீறல் நீண்டால் விதை கொட்டும், கீறாவிட்டால் நடுவில் ஈரம் நின்று உள்ளுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். ராத்திரி மோரில், பகலில் வெயிலில். மோர் முழுக்க மிளகாயில் ஏறும்வரை மூன்று நான்கு நாள் இப்படி. அப்புறம் மோர் இல்லாமல் நான்கைந்து நாள் வெயில். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், காம்பு டக்கென்று ஒடிய வேண்டும். சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் வேர்த்துவிடும், ஆற விடுங்கள்.

பூஞ்சை பிடித்தவற்றைக் கழுவிக் காய வைக்காமல் எறிந்துவிடுங்கள். அடுத்த மாசிக்கு முன்னால் பால்கனியில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒருநாள் பார்த்து வையுங்கள். ஐந்து மணி நேரம் தேறாவிட்டால், மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.