ஒன்பது நாள் வேட்டையை நம்பி ஒரு கடையை வாங்கலாமா?

கேள்வி: மினியாபொலிஸில் பதினெட்டு ஆண்டுகளாக மென்பொருள் வேலை பார்க்கிறேன். விஸ்கான்சின் வடக்கில் நாங்கள் மீன் பிடிக்கப் போகும் ஊரில், ஒரு வேட்டைப் பொருள், தூண்டில் கடை விலைக்கு வந்திருக்கிறது. ஊரில் 2,500 பேர்தான். நவம்பரில் மான் வேட்டைக்கு ஊர் நிரம்பி வழிகிறது. ஜனவரியில் தெருவே வெறிச்சோடிக் கிடக்கிறது. அரை மணி நேரத் தொலைவில் வால்மார்ட். மிச்சமெல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறது. இந்தக் கடையை வாங்கினால் நின்று நடத்த முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நவம்பர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு விலை பேசாதீர்கள். விஸ்கான்சினில் துப்பாக்கி மான் வேட்டை ஒன்பதே நாள். நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி அடுத்த வார ஞாயிறோடு முடிந்துவிடும். தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கல்லா நிறைகிற வேகத்தில் நாள் ஓடிவிடும், மறுநாள் மிஞ்சிய பெட்டிகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். போதாததற்கு வேட்டைக்காரர்களும் குறைந்து வருகிறார்கள். 2000-இல் ஏழு லட்சத்தை நெருங்கிய துப்பாக்கி மான் உரிமங்கள் இப்போது ஐந்தரை லட்சத்தைச் சுற்றித்தான் விற்கின்றன.

அந்தப் பக்கத்துச் சிறு ஊர்க் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கும் கொள்முதலும் பார்த்துக் கொடுக்கிறேன். தாக்குப் பிடிக்கிற கடைகளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு அப்படி ஒரு கடையில் நின்றிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கு .300 சாவேஜ் தோட்டா கேட்டு வந்தார். பெரிய கடைகளின் அலமாரியில் .308, .30-06, .270 அடுக்கடுக்காக இருக்கும்; .300 சாவேஜ், .35 ரெமிங்டன் போன்ற பழைய அளவுகளைத் தேடத்தான் வேண்டும். இந்தக் கடைக்காரர் ஒவ்வொன்றிலும் சில பெட்டிகளை எப்போதும் வைத்திருப்பார். பெரியவருக்குத் தோட்டா கிடைத்தது. கூடவே பேரனின் துப்பாக்கியையும் நீட்டினார், குறிபார்க்க மேலே பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப் ஆடுகிறது என்று. கடைக்காரர் திருகுகளைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரால் ஒவ்வொன்றாக இறுக்கி, குழல் பார்க்கும் திசைக்கு ஸ்கோப்பைச் சேர்த்துக் கொடுத்தார். இருபத்தைந்து நிமிட வேலை. "நாளைக்குள் எங்காவது இரண்டு தோட்டா சுட்டுப் பார்த்துவிடு" என்று பையனிடம் சொல்லி அனுப்பினார். போகும்போது அந்தக் குடும்பம் கையுறை, கை சூடாக்கும் பொட்டலம், கம்பளிக் காலுறை என்று ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனது.

லாபம் அந்தப் பையில் இருக்கிறது. புதுத் துப்பாக்கியில் கிடைப்பது சொற்பம். விலையை ஃபோனிலேயே ஒப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பழைய துப்பாக்கியை வாங்கி விற்பது, ஸ்கோப் பொருத்துவது, வில் நாண் மாற்றுவது, காலுறை, கத்தி, இவைதான் வாடகை கட்டும். ஆன்லைனில் துப்பாக்கி வாங்குகிறவரும் உரிமம் பெற்ற ஒரு கடைக்கு அதை வரவழைத்து, அங்கே படிவம் எழுதிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போக முடியும். அந்தக் கைமாற்றுக் கட்டணத்தை நீங்கள் வாங்குங்கள். "எங்கேயோ வாங்கிவிட்டு இங்கே வருகிறான்" என்று முகம் சுளிக்கும் கடைக்காரர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவன் உங்கள் கடைக்குள் வந்து நிற்கிறானே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆளை உள்ளே வரவைக்கும் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போயிருக்கின்றன. முன்பெல்லாம் சுட்ட மானைப் பதிவு செய்ய ஒரு நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல ஊர்களில் அந்த நிலையம் கடையோ மதுக்கூடமோதான். மான் வண்டியில் கிடக்க, ஊரே சுற்றி நின்று கொம்பை எண்ணும். 2015-இல் பதிவு முழுக்க ஃபோனுக்கும் இணையத்துக்கும் போய்விட்டது. சட்டம் எடுத்துக்கொண்ட கூட்டத்தை நீங்கள் வேறு வழியில் திரும்பக் கொண்டுவர வேண்டும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டை உரிமம் வாங்க, பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பயிற்சி வகுப்புக்கு உங்கள் பின்னறையைக் கொடுங்கள். அரசு உரிமம் விற்கும் முகவராகவும் பதிவு செய்யுங்கள். கமிஷன் அற்பம், ஆனால் மீன்பிடி உரிமம் மார்ச் 31-ஓடு முடிவதால் ஏப்ரலில் ஊரே ஒருமுறை உங்கள் கதவைத் திறக்கும்.

மீதி மாதங்களைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. மே முதல் சனிக்கிழமை மீன்பிடி தொடங்குகிறது. செப்டம்பர் நடுவில் வில்வேட்டையும் காட்டுக்கோழி வேட்டையும் வந்துவிடும். 2014-லிருந்து, நாணை இழுத்துப் பூட்டிவிட்டு விசையால் அம்பு எய்யும் கிராஸ்போவுக்கு எல்லோருக்கும் அனுமதி உண்டு. தோள் வலியால் வில்லை ஒதுக்கிய பெரியவர்கள் பலர் திரும்ப வந்தது அதனால்தான். அக்டோபரில் மஸ்கி என்ற பெரிய மீனுக்கு இரையாக முழங்கை நீளத்துக்கு உயிர் சக்கர் மீன் கேட்டு வருவார்கள். அதைக் கூரியரில் வாங்க ஆளில்லை. தொட்டித் தண்ணீர் குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும் இருக்கிறதா என்று தினம் இரண்டு வேளை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனி துளைக்கும் கருவி, கூடாரம், சிறு தூண்டில் எல்லாம் ஓடும். பிப்ரவரியில் கேபிள் என்ற ஊரிலிருந்து ஹேவர்டுக்கு நடக்கும் பிர்க்கபைனர் பனிச்சறுக்குப் பந்தயம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவருகிறது. அந்தப் பாதைக்குப் பக்கத்து ஊர் என்றால் அவர்களுக்கும் காலுறையும் கையுறையும் வேண்டும்.

பணம் எங்கே மாட்டும் என்று சொல்கிறேன். நவம்பருக்கான சரக்கை வசந்த காலத்திலேயே சொல்லிவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் பணம் கட்டலாம் என்று மொத்த விற்பனையாளர்கள் தவணை தருவார்கள். தனியாகப் போனால் நல்ல தவணையும் விலையும் கிடைப்பது கஷ்டம். சிறு கடைகள் சேர்ந்து கொள்முதல் செய்யும் அமைப்புகள் இருக்கின்றன: டெக்சாஸில் நேஷன்ஸ் பெஸ்ட் ஸ்போர்ட்ஸ், மொன்டானாவில் ஸ்போர்ட்ஸ் இன்க். ஒன்றில் சேருங்கள். பிறகு, மானுக்கு வைக்கும் சோளம், உப்புக்கட்டி போன்றவற்றை அளவாக மட்டும் வாங்குங்கள். மான்களை மெல்ல உருக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் 2002-இல் விஸ்கான்சினில் தெரியவந்தது. உங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு மானுக்கு நோய் உறுதியானால் அங்கே மூன்று ஆண்டுகள் தீனி வைக்கத் தடை, அந்த இடத்திலிருந்து பத்து மைலுக்குள் வரும் பக்கத்துக் கவுண்டிக்கு இரண்டு ஆண்டுகள். அந்தச் செய்தி வந்த வாரம் ஒரு கடையின் பின்கட்டில் சோள மூட்டைகள் கூரை வரை நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, கையெழுத்துப் போடுவதற்கு முன் கட்டாயம் தெரிய வேண்டியது. துப்பாக்கி விற்கும் மத்திய உரிமம் கடையோடு சேர்ந்து கைமாறாது. கட்டடத்தையும் சரக்கையும் வாங்கும் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண விற்பனையாளர் உரிமத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 200 டாலர். நீங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றவர் என்றால் உங்கள் குடிவரவு நிலை தடையாக இராது. இன்னும் ஹெச்1பி விசாவில் இருந்தால் துப்பாக்கி வைத்திருப்பதற்கே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. வழக்கறிஞரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பும் 4473 படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் ஆய்வில் அது உங்கள் பிழைதான். படிவங்களைக் கடை நடக்கும் வரை பாதுகாக்கவும் வேண்டும்.

விலை பேசும்போது சரக்கை மொத்தமாக ஒரு தொகைக்கு எடுக்காதீர்கள். இரண்டு நவம்பர் தாண்டியும் அலமாரியில் கிடப்பதைத் தனியாகப் பிரித்து, பாதி விலைக்கும் கீழே கேளுங்கள். பழைய உரிமையாளர் முதல் ஓராண்டு வாரம் மூன்று நாள் கடையில் நிற்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், அதற்குச் சம்பளமும் கொடுங்கள். எந்த வீட்டில் என்ன துப்பாக்கி இருக்கிறது, எந்தப் பையனுக்கு இந்த ஆண்டு பூட்ஸ் சிறிதாகியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்லாவுக்குக் கீழே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.