ஏரோநாட்டிகலா, இ.சி.இ.யா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே விமானப் பித்து. கம்ப்யூட்டரும் நன்றாக வருகிறது. பறக்கும் விமானத்தின் தரவை உடனுக்குடன் கிளவுடுக்கு, அதாவது இணையவழிச் சேமிப்புக் கணினிகளுக்கு, அனுப்பும் வேலை ஒன்று இருக்கிறதென்று யூடியூபில் பார்த்துவிட்டு, படித்தால் அதுதான் என்று நிற்கிறாள். ஒரு கல்லூரியில் ‘ஏவியேஷன் கிளவுட்’ என்று சிறப்புப் பிரிவே இருப்பதாகவும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

கட்டாதீர்கள். கவுன்சலிங்கில் கிடைக்கும் நல்ல கல்லூரியில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுக்கட்டும். மகள் உங்களோடு மல்லுக்கு நிற்பாள் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதை அவளும் படிக்கட்டும்.

அவள் பார்த்த வேலை நிஜம்தான். என்ஜினின் வெப்பநிலை, எரிபொருள் அளவு, வேகம், உயரம் எல்லாமே விமானத்துக்குள் கம்பி வழியே எண்களாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்றும் பல விமானங்களில் அதற்கு விதி வகுப்பது 1970களில் வந்த ஏரிங்க் 429 என்ற தரநிலை. ஒவ்வொரு செய்தியும் 32 பிட். முதல் 8 பிட் லேபிள். ஏர் டேட்டா கம்ப்யூட்டரிலிருந்து வரும் செய்தியில் லேபிள் 203 என்றால் உயரம், 206 என்றால் வேகம். இந்த எண்களை எட்டை அடிப்படையாகக் கொண்ட ஆக்டல் முறையில் எழுதுவதால் 8, 9 என்ற இலக்கங்களே வராது. இது புரியாதவர் கிளவுடில் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் முன்னால் கிடப்பது வெறும் எண் குவியல்.

இந்தத் துறைக்கு ஏன் இத்தனை மவுசு? 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கருப்புப் பெட்டிகளை மேலே கொண்டுவர 2011 மே மாதம் ஆனது. அதுவரை விசாரணைக்காரர்களுக்குக் கிடைத்த முக்கியத் துப்பு, கடைசி நிமிடங்களில் விமானம் ஏகார்ஸ் (விமானத்துக்கும் தரைக்கும் இடையே சிறு செய்திகளை அனுப்பும் அமைப்பு) வழியாகத் தானாகவே அனுப்பிய 24 பராமரிப்புச் செய்திகள். வேகத்தை அளக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன என்பது அவற்றிலிருந்தே தெரிந்தது. 2014-இல் மலேசியன் ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானம் மறைந்தபோது அதுகூட இல்லை. செயற்கைக்கோளோடு ஏறக்குறைய மணிக்கொரு தடவை நடந்த தொடர்புச் சமிக்ஞைகளை வைத்துத்தான் தேடும் கடற்பரப்பைக் கணித்தார்கள். அதன் பிறகே, பெருங்கடல்மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது தாம் இருக்கும் இடம் தெரியும்படி கண்காணிக்கப்பட வேண்டும் என்ற ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏர்பஸ் தன் ஸ்கைவைஸ் தரவுத் தளத்தைத் தொடங்கியிருந்தது. பல விமான நிறுவனங்களின் பராமரிப்புத் தரவு அங்கே ஒன்றுசேர்கிறது.

ஆனால் விளம்பரத்தில் வரும் ‘ரியல் டைம்’ என்ற சொல்லைப் பாதியாகக் குறைத்துப் படியுங்கள். வழக்கமான வி.எச்.எஃப். ரேடியோவில் ஏகார்ஸின் வேகம் நொடிக்கு 2,400 பிட்தான். செயற்கைக்கோள் வழியே அனுப்பினால் செலவு. ஆகவே தரவின் பெரும்பகுதி க்யூ.ஏ.ஆர். என்ற பதிவுப் பெட்டியில் சேர்ந்திருந்து, விமானம் தரையிறங்கிய பிறகு மொபைல் நெட்வொர்க் வழியாகப் போகிறது. அவசரத்துக்குத் தந்தி, மற்றதுக்குத் தபால் என்று அந்தக் காலத்தில் நாம் இருந்தோமே, அதே கணக்கு. எதைத் தந்தியாக்குவது என்று தீர்மானிக்கும் மென்பொருளை எழுதுவதில்தான் இந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது.

இப்போது பாடப்பிரிவுக்கு வருவோம். ஏரோநாட்டிகலில் பெரும்பாலும் காற்றியக்கம், கட்டமைப்பு, உந்துவிசை. நான் மேலே சொன்ன சென்சார், பஸ் (தரவு ஓடும் கம்பித் தடம்), ரேடியோ, எம்பெடெட் மென்பொருள் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அத்தனையும் இ.சி.இ. பக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் தவறில்லை. ஆனால் கிளவுடை வேலைக்குச் சேர்ந்த பிறகும் பிடித்துக்கொள்ளலாம், சான்றிதழ் தேர்வும் எழுதலாம்; சிக்னலும் எம்பெடெடும் அப்படி வருவதில்லை. ஒரு விதிவிலக்கு: குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் கிடைக்கும் அளவுக்குக் கட் ஆஃப் இருந்தால் நான் மறுபேச்சு பேசமாட்டேன். கலாம் படித்த இடம் என்பதற்காக அல்ல, அங்கே ஏவியானிக்ஸையும் (விமான மின்னணுவியல்) விட்டுவைக்காமல் படிக்க முடியும் என்பதற்காக.

யாராவது ஹேக் செய்து விமானத்தை விழவைத்தால் பழி பிள்ளை தலையில் விழுமோ என்று வீட்டில் அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். விமானத்தை இயக்கும் கணினிகளும், பயணிகள் வைஃபையும், நிறுவனத்தின் தரவுப் பகுதியும் தனித்தனி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இயக்கும் பகுதியிலிருந்து தரவு வெளியே வரலாம், வெளியிலிருந்து எதுவும் லேசில் உள்ளே போக முடியாது. அந்தத் தடுப்பைச் சோதித்துச் சான்றளிப்பதற்கே டிஓ-326ஏ என்று தனித் தரநிலை இருக்கிறது. அதில் தேறியவர்களுக்கும் வேலை உண்டு. அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: இது தரையில், மேசை முன்னால் பார்க்கும் வேலை. கண்ணாடி போட்டிருப்பது ஒரு குறையே இல்லை.

ஏ.எம்.ஈ. (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது வேறு தடம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தரும் உரிமத்தில் ஏவியானிக்ஸுக்கு பி2 பிரிவு இருக்கிறது. தேர்வுகள் எழுதி, விமானத்தில் கைவைத்து வேலை பார்த்த அனுபவமும் காட்டினால்தான் உரிமம். ஹேங்கரில் நைட் ஷிப்ட் பார்க்கத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு அது அருமையான வழி. உங்கள் மகள் எழுதிய கேள்விகளைப் பார்த்தால் அவள் அந்த ரகமாகத் தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டில் அவள் செய்ய வேண்டியது ஒன்று. நாசா இலவசமாகத் தரும் சி-மேப்ஸ் என்ற தரவுத்தொகுப்பை இறக்கிக்கொள்ளட்டும். அதன் முதல் தொகுதியில் 100 டர்போஃபேன் என்ஜின்கள் பழுதாகும் வரை ஓடிய கதை, சிமுலேஷனாக, 21 சென்சார்களோடு இருக்கிறது. சில சென்சார்கள் கடைசிவரை ஒரே எண்ணைத்தான் காட்டும். எவை என்று கண்டுபிடித்து, ஏன் என்று எழுதிவைத்துக்கொள்ளட்டும். இன்டர்வியூவில் சான்றிதழ்களைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். விமானங்கள் ஒலிபரப்பும் சிக்னல்களைத் திரட்டித் தரும் ஓபன்ஸ்கை நெட்வொர்க்கிலிருந்து சென்னைக்கு மேலே பறக்கும் விமானங்களின் உயரம், வேகம் போன்றவற்றை எடுத்து, ஒரு கிளவுட் சர்வரில் சேமித்துக் காட்டுவது அடுத்த படி.

வேலைக்குப் பெங்களூர் போக மனம் இருக்க வேண்டும். ஏர்பஸ், ஹனிவெல், காலின்ஸ், ஜி.இ. எல்லாம் அங்கே. போயிங்குக்குப் பெங்களூரோடு சென்னையிலும் பொறியியல் மையம் உண்டு. விமானப் பராமரிப்பு மென்பொருள் செய்யும் ராம்கோ சென்னைக் கம்பெனிதான். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விமானத்துக்குள் ஓடும் மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் விமான மென்பொருளுக்கான டிஓ-178சி தரநிலைப்படி ஏகப்பட்ட ஆவணங்களும் சோதனைகளும் தேவைப்படும். ஐ.டி. கம்பெனி வேகத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் சலித்துப்போய் வெளியே வந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கல்லூரி மனதை உறுத்தினால், மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பட்டச் சான்றிதழில் என்ன பிரிவென்று அச்சாகும்? ஏவியானிக்ஸ் லேப் எந்த செமஸ்டரில், என்னென்ன கருவிகளோடு? பாடம் நடத்துபவர்களில் விமானத் துறையில் வேலை பார்த்தவர் யார்? பதில் வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள். சாய்ஸ் லிஸ்ட் போடும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பினால் வரிசையைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.