இரண்டு மூட்டைக் காகிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 'க்ளீன் அப்' என்பதற்கு என்னென்ன பொருள், அதே பொருளில் வரும் வேறு சொற்கள் என்னென்ன என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். 'டைடி அப்' என்பதும் இதுவும் ஒன்றுதானா? எங்கள் வீட்டிலும் இந்த வாரம் முழுக்க இதே வேலைதான். மாமனார் தவறி மூன்று மாதம் ஆகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் புத்தகம் எழுதிய ஜப்பானியப் பெண் மேரி கோண்டோ சொல்லும் முறைப்படி அவர் அறையை நான்தான் ஒழித்துக்கொண்டிருக்கிறேன். கணவர் அந்தப் பக்கமே வருவதில்லை. துணிமணி முடிந்துவிட்டது. நோட்டும் காகிதமுமாக இரண்டு மூட்டை சேர்ந்திருக்கிறது. 1968-இல் எழுதியதுகூடக் கிடக்கிறது! சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வருகிறார். அறை காலியானால் மகளுக்குப் படிக்க இடம் கிடைக்கும்.

எம்.

அன்புள்ள எம்,

வீட்டுப்பாடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. தரையில் பால் கொட்டினால் துடைப்பது க்ளீன் அப். புத்தகங்கள் இறைந்து கிடந்தால் எடுத்து அடுக்குவது டைடி அப். அமெரிக்கர்கள் அதையே பிக் அப் என்றும் ஸ்ட்ரெய்ட்டன் அப் என்றும் சொல்வார்கள். விளையாடிவிட்டு வந்த பிள்ளை கைகால் கழுவுவதும் க்ளீன் அப்தான். ஊழலை ஒழிப்பதற்கும் அதே சொல். ஒரேயடியாகப் பணத்தை அள்ளுவதற்கும் பேச்சுவழக்கில் அதைச் சொல்வதுண்டு. ஆறாம் வகுப்புக்கு இது போதும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த மூட்டைகளுக்காக. சனிக்கிழமை பேப்பர்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு பழைய பேப்பர் கடையில் நின்றிருந்தேன். ஒரு பையன் கீழே உட்கார்ந்து நோட்டுகளின் அட்டையைப் பிய்த்து ஒரு பக்கமும் தாளை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது ஒரு மொய் நோட்டு. முதல் பக்கத்து மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தது. பிள்ளையார் சுழி, அதன் கீழே வரிசையாக ஊர், பெயர், தொகை. ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய், ஒரு ரூபாய். ஓர் இடத்தில் தொகைக்குப் பதில் 'பித்தளைக் குடம் 1'. தாய்மாமன் பெயருக்கு நேரே மட்டும் 51 ரூபாய், அதன் கீழே அழுத்தி இழுத்த கோடு. அந்தக் குடும்பம் எந்தெந்த ஊரில் கொண்டான் கொடுத்தான், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டியிருந்தது எல்லாம் அதில் இருந்தது. காசு கொடுத்து வாங்கிவந்தேன். வாங்கி என்ன பயன்? யார் வீட்டுக் கல்யாணம் என்று எழுதியிருந்த அட்டை அதற்குள் குவியலோடு போயிருந்தது. அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

மேரி கோண்டோவைச் சொல்கிறீர்கள். துணி, புத்தகம், காகிதம் என்ற அவருடைய வரிசையும், துணி மடிக்க அவர் சொல்லித்தரும் முறையும் நல்லவைதான். காகிதம் என்றால் எல்லாவற்றையும் கழித்துவிடுவதே அடிப்படை என்று அவர் சொல்வதும் உண்மை. ஆனால் பழைய காதல் கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றை நான் சொல்லவில்லை என்று அங்கேயே விலக்கிவைக்கிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதோடு, அவர் சொல்வது ஒருவர் தன்னுடைய பொருளைத் தானே கையில் எடுத்துப் பார்த்துக் கழிப்பதற்கான வழி. உங்கள் மாமனாரின் காகிதத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவரைத் தவிர யார் சொல்வது?

நம் ஊரில் இந்த மாதிரி ஒழிப்பு புதிதல்ல. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் தேடிப் போனார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறதாம். அப்படியே செய்துவிட்டோம் என்று அங்கே இருந்தவர் பதில் சொன்னார். என்னென்ன நூல்கள் எரிந்தனவோ, யாருக்குத் தெரியும்? எரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. குப்பையாகக் கிடந்ததை முறைப்படி அப்புறப்படுத்தினார்கள், அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு நல்ல மனசோடு வீட்டை ஒழிப்பவர்களைக் கண்டால் பயமாக இருக்கிறது.

புதுச்சேரியில் வேறு மாதிரி நடந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்த்து வியாபாரத்துக்கு நடுவில் நிற்பவராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு போனது, துரை கோபித்தது, வீட்டு விசேஷம் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். வெளியார் கண்ணில் அது பட்டது 1846-இல், அதுவும் அவர் வீட்டிலேயே. நடுவில் 85 வருடம். அத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்கு எத்தனை மருமகள்கள் வந்திருப்பார்கள்! எத்தனை தடவை பரணை ஒழித்து வெள்ளையடித்திருப்பார்கள்! 'கிழவர் கிறுக்கியது' என்று ஒருத்தி வெளியே போட்டிருந்தால் போதும், தென்னிந்தியாவின் அந்த இருபத்தைந்து வருடத்தைத் தமிழன் ஒருவன் கண்ணால் பார்க்க நமக்கு வழியே இருந்திருக்காது.

எங்கள் மாமனார் துபாஷ் இல்லையே என்பீர்கள். 1968-இல் கூட்டுறவுச் சங்க எழுத்தர் என்றால் என்னவென்று நினைத்தீர்கள்? ஐ.ஆர். 8 என்ற புது ரக நெல் வந்து, யூரியா மூட்டை ஊருக்குள் நுழைந்த காலம் அது. யார் கடன் வாங்கினார், மூட்டை என்ன விலை, யாரால் திருப்பிக் கட்ட முடியவில்லை என்பதெல்லாம் அந்த நாற்காலி வழியாகத்தான் போனது. அதில் பத்து வரியை அவர் வீட்டு நோட்டில் குறித்திருந்தாலும் அது எந்த அலுவலகத்திலும் கிடைக்காத சரக்கு. விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்துவைத்தார். அவர் மறைந்த பிறகு, 1994-இல், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. இன்று அது சென்னை தரமணியில் நூலகமாக இருக்கிறது. உங்கள் பேப்பர்காரர் கிலோவுக்கு என்ன தருவார்?

மகளுக்கு இடம் வேண்டும் என்பதெல்லாம் சரி. இரண்டு மூட்டை கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

உங்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லை, தெரியும். இறந்தவர் அறைக்குள் தினமும் தனியாகப் போய், ஒவ்வொரு சட்டையாக எடுத்து மடித்த கை உங்களுடையது. வீட்டில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. அப்பாவின் கையெழுத்தைப் பார்க்க உங்கள் கணவருக்குத் தெம்பு வரவில்லை போலிருக்கிறது. அதற்குக் காலம் கொடுங்கள். ஆனால் மூட்டையைப் பிரிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தப் பெயர் யார் என்று அவருக்குத்தான் தெரியும்.

கரண்ட் பில், பேங்க் சலான், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தயங்காமல் போடுங்கள். கையால் எழுதியது எதையும் போடாதீர்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். வெயிலில் காயவைக்காமல் நிழலில் காற்றாட வைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக செல்போனில் படம் எடுக்கச் சொன்னால் உங்கள் மகளே செய்வாள். அந்த 1968 நோட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் யூரியா விலை எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.