தாய் இறாலுக்குத் தீவனத்தில் வைட்டமின் கலந்து கொடுக்க வேண்டுமா? எது, எவ்வளவு?

போச்சம்பள்ளி பக்கம் பண்ணைக்குட்டையில் நன்னீர் இறால் விட்டிருப்பதாகவும், பெண் இறால்களைத் தனித்தொட்டியில் வைத்துக் குஞ்சு எடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் 'எல்லா வைட்டமினும் இருக்கு' என்று ஒரு டப்பாவை நீட்டினாராம். நானும் கிருஷ்ணகிரிக்காரன்தான், கடற்கரைப் பொரிப்பகம் ஒன்றில் தாய் இறால் பிரிவில் இருந்தவன்.

வைட்டமின் வேண்டும். ஆனால் நீங்கள் தனியாகக் காசு போட வேண்டியது சி, இ இரண்டுக்கு மட்டும். நல்ல குருணைத் தீவனத்தில் மற்றவை ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். சி-யை இறால் தன் உடம்பில் தயாரித்துக்கொள்ளாது. குறைந்தால் ஓட்டுக்கு அடியில் கறுத்துச் சாகும். இ, முட்டையில் சேரும் கொழுப்பு கெடாமல் காக்கிறது.

பலர் கோட்டைவிடுவது எப்போது கொடுப்பது என்பதில்தான். வயிற்றுக்கடியில் முட்டை வந்த பிறகு அவசரமாக வைட்டமின் கொடுப்பார்கள். அந்த முட்டைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தலைப்பக்க ஓட்டுக்கு உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சினைப்பை வளர்கிறதே, அப்போது தாய் தின்றதுதான் முட்டைக்குள் போகும். பொரிந்த குஞ்சு முதல் நாள் எதையும் தின்னாது, தாய் கொடுத்த மஞ்சள்கருவை வைத்தே ஓட்டும். முட்டை சுமக்கும் மூன்று வாரத்திலும் உள்ளே அடுத்த சினை வளர்வதால், தீவனத்தை அப்போதும் குறைக்காதீர்கள்.

அடுத்தது, கரைந்து போவது. மீன், தீவனத்தை லபக்கென்று விழுங்கிவிடும். இறால் காலில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும். அதற்குள் மேலே தூவிய சி தண்ணீரோடு போய்விடும். மருந்துக்கடை சி மாத்திரையைப் பொடித்துப் போடுவது தொட்டித் தண்ணீருக்கு வைத்தியம் பார்ப்பது போலத்தான். பாஸ்பேட்டோடு பிணைத்த சி என்று கேட்டு வாங்குங்கள், அது வெயிலுக்கும் காற்றுக்கும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஜெலட்டின் கரைசலில் கலந்து தீவனத்தின் மேல் பூசி, நிழலில் உலர்த்துங்கள். பச்சை முட்டை வெள்ளைக்கரு வேண்டாம், அதில் உள்ள ஒரு புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அளவு? நன்னீர் இறாலில் செய்த ஆய்வில் ஒரு கிலோ தீவனத்துக்கு சி 60 மி.கி., இ 300 மி.கி. அளவிலேயே தாய்கள் ஒழுங்காகச் சினை பிடித்தன. இரண்டையும் 900 மி.கி. வரை கூட்டியபோது குஞ்சின் தரம் மேம்படும் அறிகுறி தெரிந்தது. டப்பாவில் சி '35 சதவீதம்' என்று போட்டிருந்தால் 900 மி.கி. சி-க்கு இரண்டரை கிராம் பொடி ஆகும். இதைக் கணக்குப் பார்க்காமல் 900 மி.கி. பொடியைப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் சேரும்.

இடையிடையே கணவாயோ நத்தைக்கறியோ கொடுங்கள். கெண்டை மீனை நறுக்கிப் போடுவதானால் வேகவைத்துப் போடுங்கள், பச்சையாக இருந்தால் அதில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும்.

ஒன்று கேட்க மறந்தேன், உப்புத்தண்ணீருக்கு என்ன ஏற்பாடு? பொரிந்த குஞ்சுக்கு லிட்டருக்கு 12 கிராம் அளவில் உப்பு வேண்டும், நம் ஊர்க் கிணற்றுத்தண்ணீரில் பிழைக்காது. டப்பா வாங்கும் முன் பாரூர் மீன்வள மையத்தில் போய் இதைப் பேசிவிடுங்கள்.